சிஓஇ முடியுமுன்: பதினைந்து வயது ஸ்போர்ட்ஸ் செடானைச் சீரமைத்த அனுபவம்

2023 ஆகஸ்ட் மாதம் நான் வாங்கிய கார், 2008-இல் பதிவு செய்யப்பட்ட பிஎம்டபிள்யூ 325ஐ. ஆர்வலர்கள் இ90 என்று அழைக்கும் அந்தத் தலைமுறைச் செடான் 2005 முதல் 2011 வரை தயாரிக்கப்பட்டது. ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், 2,497 சிசி கொள்ளளவு, டர்போவின் துணையின்றி 218 குதிரைத்திறன் தரும் என்52 இயந்திரம். டர்போ இல்லாத ஆறு சிலிண்டர் இயந்திரத்தை அந்த நிறுவனம் இப்போது எந்தப் புதிய காரிலும் தருவதில்லை என்பதுதான் என்னை அதன்பால் ஈர்த்தது. அதைச் சீரமைத்து, ஓரளவு மேம்படுத்தி, குடும்பத்தை நம்பி ஏற்றிச் செல்லும் நிலைக்குக் கொண்டுவர எனக்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டும், காரின் விலைக்கு மேல் 16,000 சிங்கப்பூர் வெள்ளியும் செலவாயின. இந்தக் காரைப் பற்றி அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும் இணையத்தில் நிறையவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு வீட்டோடு சேர்ந்த கேரேஜ் உண்டு, சிங்கப்பூரில் காரைப் பத்து ஆண்டு வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய சிஓஇ என்ற உரிமைச் சான்றிதழ் கிடையாது. நமக்கு இரண்டுமே நேர்மாறு. இங்கே இந்த வேலையில் இறங்கிய பிறகுதான் எனக்குத் தெரியவந்தவற்றை, இனி இறங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் பணக் கணக்கு, ஏனெனில் மற்ற எல்லா முடிவுகளும் அதிலிருந்தே பிறக்கின்றன. என் காரின் முதல் பத்து ஆண்டு சிஓஇ 2018-இல் முடிந்தபோது, முந்தைய உரிமையாளர் மேலும் பத்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்திருந்தார். புதுப்பிக்க ஏலம் எடுக்கத் தேவையில்லை. முந்தைய மூன்று மாத சிஓஇ கட்டணங்களின் சராசரியைச் செலுத்தினால் போதும். அவர் செலுத்தியது 36,000 வெள்ளி அளவில். நான் வாங்கும்போது பாதிக் காலம் கழிந்துவிட்டதால், அன்றே காரின் பதிவை நீக்கியிருந்தால் திரும்பக் கிடைத்திருக்கக்கூடியது ஏறத்தாழ 18,000 வெள்ளி மட்டுமே. பதிவை நீக்கும்போது அரசு திருப்பித் தரும் பார்ஃப் என்ற கழிவும் புதுப்பித்த காருக்கு இல்லை. ஆனால் நான் கொடுத்த விலை 52,000 வெள்ளி. 2023-இல் சிஓஇ ஏறிக்கொண்டே போய், அக்டோபரில் பெரிய கார்களுக்கான பி பிரிவுக் கட்டணம் 150,001 வெள்ளியைத் தொட்டது. மலிவான காலத்தில் புதுப்பிக்கப்பட்ட கார்களின் விலையையும் அந்த ஏற்றம் சேர்த்தே தூக்கிவிட்டது. திரும்பக் கிடைக்கும் தொகையும் மாதந்தோறும் குறைந்து, சிஓஇ முடியும்போது இல்லாமலே போகும். ஆகவே 52,000 வெள்ளியும் ஐந்து ஆண்டுகளில் முற்றிலும் கரைந்துவிடப் போகிற பணம். இப்படிப் புதுப்பித்த பழைய காரைப் பார்க்கப் போகும்போது, முழு விலையையும் சிஓஇயில் எஞ்சிய மாதங்களால் வகுத்துப் பாருங்கள். அந்த மாதக் கணக்கு உங்களுக்கு ஏற்புடையதாக இருந்தால் மட்டுமே காரின் கதவைத் திறந்து பாருங்கள். முந்தையவர் ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்திருக்கிறாரா, பத்தா என்பதையும் கேட்க வேண்டும். ஐந்தாண்டுப் புதுப்பிப்பு முடிந்தால் காரின் ஆயுளும் முடிந்தது, மீண்டும் புதுப்பிக்க முடியாது. அப்படிப்பட்ட காரில் பெரிய சீரமைப்பு வேலை எதையும் நான் தொடங்கவே மாட்டேன்.

சாலை வரியும் சாதாரணமாக இராது. 2,497 சிசி காருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,795 வெள்ளி. பத்து வயதைக் கடந்த பின் ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வீதம் கூடி, பதினான்கு வயதைத் தாண்டியதும் ஐம்பது விழுக்காட்டில் நிற்கும். ஆகவே நான் கட்டுவது 2,690 வெள்ளி அளவில். வாகனப் பரிசோதனையும் பத்து வயதுக்குப் பிறகு ஆண்டுதோறும் வந்துவிடும். காப்புறுதி நிறுவனங்கள் சில, இந்த வயதுக் காருக்கு முழுக் காப்புறுதி தர மறுத்தன. தந்தவையும் நாம் ஏற்க வேண்டிய தொகையை உயர்த்தியே தந்தன. காரை வாங்கி முன்பணம் கொடுத்த பிறகு இதையெல்லாம் விசாரிப்பதைவிட, காரின் எண்ணைக் கேட்டு வாங்கி, காப்புறுதி விலையை முன்கூட்டியே எழுத்தில் பெறுவது நல்லது.

வாங்குவதற்கு முன் தனியார் பரிசோதனை நிலையம் ஒன்றில் காரைக் காட்டினேன். அறிக்கை நன்றாகத்தான் வந்தது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்த அறிக்கை விபத்தின் தடயம், சட்டகம் வளைந்திருக்கிறதா, எண்ணெய் கசிகிறதா, கணினியில் பிழைக் குறியீடு இருக்கிறதா என்பதைச் சொல்லும். பதினைந்து ஆண்டுகள் நம் வெயிலிலும் நெரிசலிலும் வெந்த ரப்பரும் பிளாஸ்டிக்கும் இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்பதை அது சொல்லாது, சொல்லவும் முடியாது. இந்தக் காரில் பழுதானவற்றில் பெரும்பாலானவை அறிக்கையில் பச்சை நிறத்தில் இருந்தவையே. ஆகவே அறிக்கையோடு நின்றுவிடாமல், பழுதுபார்த்த ரசீதுகளைக் கேளுங்கள். வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், கியர் எண்ணெய், வால்வு மூடியின் கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் அடைப்பு), முன்சக்கரத்தைத் தாங்கி இணைக்கும் கண்ட்ரோல் ஆர்ம் ஆகிய ஐந்தும் எப்போது மாற்றப்பட்டன என்று கேட்டு, ரசீது காட்ட முடியாத ஒவ்வொன்றும் மாற்றப்படவே இல்லை என்று எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள். என் வியாபாரியிடம் இரண்டு எண்ணெய் மாற்ற ரசீதுகள் மட்டுமே இருந்தன.

கார் கைக்கு வந்ததும் முதலில் வந்த செலவு நான் எதிர்பாராதது. முந்தைய உரிமையாளர் கரகரவென்று ஒலிக்கும் எக்ஸாஸ்ட் ஒன்றையும், ஜன்னல்களில் கருமையான ஒட்டுத்தாளையும் போட்டிருந்தார். முன்கண்ணாடியும் முன்பக்க ஜன்னல்களும் குறைந்தது எழுபது விழுக்காடு ஒளியையும், பின்பக்கக் கண்ணாடிகள் இருபத்தைந்து விழுக்காட்டையும் விட வேண்டும் என்பது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதி. முன்பக்கத் தாள் அதற்குக் கிட்டவே வரவில்லை. உரித்தெடுத்தேன், அதில் பெரிய செலவில்லை. எக்ஸாஸ்ட்டுக்குத்தான் சத்தமும் புகையும் தரத்துக்கு உட்பட்டவை என்று காட்டும் சோதனைத் தாள் எதுவும் இல்லை, அசல் எக்ஸாஸ்ட்டும் காரோடு வரவில்லை. அடுத்த பரிசோதனைக்குள் அசலைத் தேடிப் பிடித்தாக வேண்டிய நிலை. எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜோகூர் பாருவில் ஹாஃப்-கட் கடை ஒன்றில், பாதியாக அறுத்து வந்திருந்த இன்னொரு இ90-இலிருந்து கழற்றிய குழாய்த் தொகுப்பை வாங்கி, பொருத்தும் கூலியோடு 600 வெள்ளி ஆயிற்று. யாராவது மேம்படுத்தி வைத்த காரை வாங்குவதென்றால், கழற்றிய அசல் பாகங்கள் எங்கே என்று கேளுங்கள். அவை இல்லையென்றால் அவற்றின் விலையையும் சேர்த்துத்தான் பேரம் பேச வேண்டும்.

பெரிய அடி அந்த ஆண்டின் பள்ளி விடுமுறையில் விழுந்தது. கோலாலம்பூரில் உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக மனைவியையும் இரு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு துவாஸ் வழியாகப் போய்க்கொண்டிருந்தோம். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஆயர் ஹீத்தாமைத் தாண்டியதும் முன்னால் இருக்கும் மின்விசிறி விமானம் போல் இரையத் தொடங்கியது. சில வினாடிகளில் வெப்ப எச்சரிக்கை மஞ்சளாக வந்து, உடனே சிவப்பாக மாறியது. ஓரம் கட்டி இயந்திரத்தை நிறுத்திவிட்டேன். இந்த இயந்திரத்தின் உடற்பகுதி மக்னீசியமும் அலுமினியமும் கலந்த வார்ப்பு. சிவப்பு விளக்கோடு அடுத்த ஓய்விடம் வரை ஓட்டியிருந்தால் சிலிண்டர் தலைப்பகுதி வளைந்து, இயந்திரமே மாற்ற வேண்டியதாகியிருக்கும். சாலையோரத் தடுப்புக்கு வெளியே பிள்ளைகளை நிற்க வைத்துக்கொண்டு, லாரிகள் உறுமிக் கடக்கும் அந்த வெயிலில் இழுவை வண்டிக்காகக் காத்திருந்த நேரத்தில் எனக்கு வந்த பயத்தை மறக்க முடியாது. கோபம் யார்மீது என்றுகூடத் தெரியவில்லை. மனைவி ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. "ஏங்க, இந்தக் கார்ல இன்னும் என்னென்ன இப்படி நிக்கப் போகுது?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாததுதான் என்னை மிகவும் வாட்டியது. அடுத்த ஓராண்டு நான் செய்ததெல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதுதான்.

நின்றுபோனது மின்சார வாட்டர் பம்ப். பழைய கார்களில் பெல்ட்டால் சுழலும் பம்ப், கெடுவதற்கு முன் ஒழுகும், கீச்சிடும், ஏதாவது ஒரு விதத்தில் சொல்லிவிடும். இந்தக் காரில் அதை ஒரு மின்மோட்டார் சுழற்றுகிறது; அதன் உள்ளே இருக்கும் மின்சுற்று ஒருநாள் நின்றுவிடும், அவ்வளவுதான். ஒரு லட்சம் கிலோமீட்டரைச் சுற்றி அது போய்விடும் என்பது இந்தக் கார் வைத்திருப்போர் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. என் கார் அப்போது 1,40,000 கிலோமீட்டரைக் கடந்திருந்தது. இழுவைக்கு 650 வெள்ளி. பம்ப், தெர்மோஸ்டாட், மேல்கீழ் ரேடியேட்டர் குழாய்கள், விரிவுத் தொட்டி, கூலண்ட் எல்லாம் சேர்த்து 1,850 வெள்ளி. பம்ப்பை மட்டும் மாற்றினால் போதுமென்று சொன்ன பட்டறையும் உண்டு. பம்ப்பைக் கழற்றும் கூலியும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றும் கூலியும் ஒன்றே, இரண்டும் அருகருகே இருக்கின்றன; ஒரே வயதுடைய பிளாஸ்டிக் தொட்டியும் அடுத்து வெடிக்கக் காத்திருக்கிறது. ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள்.

பட்டறையில் நின்று பார்க்க வேண்டிய இரண்டு செய்திகள் இங்கே உண்டு. இந்த மக்னீசிய இயந்திரத்தில் பூட்டியிருக்கும் அலுமினியப் போல்ட்டுகள் ஒருமுறை முறுக்கி நீள்பவை. கழற்றினால் மீண்டும் பயன்படுத்தக் கூடாது. இரும்புப் போல்ட்டைப் பூட்டினாலோ, மக்னீசியத்தோடு சேர்ந்து அரிப்பு ஏற்படும். புதிய போல்ட்டுகளின் பெயர் ரசீதில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, கூலண்ட் நிரப்பிய பின் காற்றை வெளியேற்றும் முறை. இயந்திரத்தை இயக்காமல் இக்னிஷனை மட்டும் போட்டு, ஹீட்டரை உச்சத்திலும் விசிறியைக் குறைந்த வேகத்திலும் வைத்து, முடுக்கியைப் பத்து வினாடிகள் முழுவதுமாக அழுத்தினால், பம்ப் தானே பன்னிரண்டு நிமிடங்கள் ஓடிக் காற்றை வெளியேற்றும். சிங்கப்பூரில் ஹீட்டர் பொத்தானை யாரும் தொடுவதே இல்லை என்பதால் சில பட்டறைகளில் இந்தப் படியை விட்டுவிடுகிறார்கள். பிறகு காற்றுக்குமிழி சிக்கி மீண்டும் சூடாகி, புதிய பம்ப்பையே குறை சொல்வார்கள்.

குளிரூட்டல் முடிந்ததும் எண்ணெய்க் கசிவுகள். சிக்னலில் நிற்கும்போது குளிர்சாதனக் காற்றில் கருகிய எண்ணெய் நாற்றம் வந்தால், வால்வு மூடியின் கேஸ்கெட் இறுகிப்போய்ச் சூடான எக்ஸாஸ்ட்மீது சொட்டுகிறது என்று பொருள். அது எரிச்சலூட்டும் கசிவு. ஆபத்தான கசிவு வேறு. எண்ணெய் வடிகட்டியின் கூடு இயந்திரத்தோடு சேரும் இடத்தில் ஒரு சின்ன ரப்பர் கேஸ்கெட் இருக்கிறது. அது கசிந்தால் எண்ணெய் நேராக டிரைவ் பெல்ட்டின்மேல் இறங்கும். ஊறிப்போன பெல்ட் கழன்று, முன்பக்கக் கிராங்க் சீலைக் கிழித்துக்கொண்டு இயந்திரத்துக்குள் இழுக்கப்பட்டு, அதன் துண்டுகள் எண்ணெய்ப் பாதையை அடைத்து இயந்திரமே பாழான கார்கள் உண்டு. சில வெள்ளி ரப்பர், அதை மாற்றும் கூலிதான் சில நூறு. என் காரில் இரண்டோடு எண்ணெய்த் தட்டின் கேஸ்கெட்டும் கசிந்தது. அதை மாற்ற முன்பக்கச் சட்டத்தையே இறக்க வேண்டும் என்பதால் மொத்தம் 2,700 வெள்ளி. இந்தக் காரில் எண்ணெய் அளவு பார்க்கும் குச்சி கிடையாது, திரையில்தான் பார்க்க வேண்டும் என்பதால், வாரம் ஒருமுறையாவது பார்த்துவிடும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன்.

மிக அதிகமாக மனம் நொந்தது கியர்பாக்ஸ் விவகாரத்தில்தான். வேகம் குறைந்து மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு இறங்கும்போது முதுகில் தட்டுவது போல ஓர் உதறல். ஒரு பட்டறையில் கியர் எண்ணெயை மாற்றினால் சரியாகும் என்றார்கள், 380 வெள்ளி வாங்கினார்கள். ஒரு வாரத்தில் உதறல் கூடியது. திரும்பிப் போனபோது, கியர்பாக்ஸே தேய்ந்துவிட்டது, புதுப்பித்த கியர்பாக்ஸ் ஒன்றைப் பொருத்த 6,200 வெள்ளி என்று சொன்னார்கள். எதை ஊற்றினீர்கள் என்று கேட்டதற்குப் பீப்பாயிலிருந்து எடுத்த பொதுவான எண்ணெயைக் காட்டினார்கள். அன்று வீட்டுக்கு வந்து காரை விற்றுவிடலாமா என்று இரவு முழுவதும் கணக்குப் போட்டேன். ஏற்கெனவே போட்ட பணம், எஞ்சிய சிஓஇ, விற்றால் கிடைப்பது எல்லாம் எழுதிப் பார்த்தால், எந்தப் பக்கம் திரும்பினாலும் நட்டம்தான். தூக்கம் வரவில்லை. இப்படியொரு நிலையில் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருப்பதே பணத்தைவிடப் பெரிய சுமை.

காக்கி புக்கிட்டில் கியர்பாக்ஸ் வேலை மட்டுமே பார்க்கும் சிறிய பட்டறையின் முதியவர் ஒருவர்தான் என்னைக் காப்பாற்றினார். காரைத் தூக்கி, அடியில் விளக்கடித்து, மின்செருகி நுழையும் இடத்தில் ஈரத்தைக் காட்டினார். இந்தக் காரில் இருப்பது இசட்எஃப் நிறுவனத்தின் ஆறு கியர் தானியங்கி. அதன் கட்டுப்பாட்டுப் பகுதியான மெக்கட்ரானிக்குக்குச் செல்லும் மின்செருகியைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் உறை உண்டு. அதன் ரப்பர் வளையங்கள் வயதால் இறுகினால் எண்ணெய் மெல்லக் கசிந்து அளவு குறையும். அளவு குறைந்தால் உதறும். அந்த உறை, சீல்கள், வடிகட்டி சேர்ந்தே வரும் பிளாஸ்டிக் எண்ணெய்த் தட்டு, இசட்எஃப் நிறுவனத்தின் அசல் எண்ணெய் ஆகியவற்றுக்கு 1,450 வெள்ளி. எண்ணெயின் வெப்பநிலையைக் கணினியில் பார்த்துக்கொண்டு, 30-க்கும் 50-க்கும் இடைப்பட்ட டிகிரியில் அளவை நிறைவு செய்தார். உதறல் போய்விட்டது, இன்றுவரை திரும்பவில்லை. கார் நிறுவனம் அந்த எண்ணெயை ஆயுட்காலத்துக்கானது என்று சொன்னாலும், கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. கியர்பாக்ஸ் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், எந்த எண்ணெய், எந்த வெப்பநிலையில் அளவு பார்த்தீர்கள் என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். பதில் தடுமாறினால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

ஜோகூரில் வேலை செய்யலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் சில வேலைகளை அங்கே செய்தேன், தமிழர் ஒருவரின் பட்டறையில். "தம்பி, சாமானை நீ கொண்டா, கூலி மட்டும் எனக்குக் குடு. சாமான் நான் வாங்கினா நாளைக்கு நீ என்னையே சந்தேகப்படுவே," என்று முதல் நாளே சொன்னவர் அவர். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரை நம்பினேன். புஷ் (இணைப்புகளில் உள்ள ரப்பர் தாங்கி), ஷாக் அப்சார்பர், பிரேக் போன்று, செய்து முடித்தால் உடனே சோதித்துப் பார்க்கக்கூடிய வேலைகளுக்கு ஜோகூர் நல்லது. குளிரூட்டல், கியர்பாக்ஸ், மின்கோளாறு போன்று, ஒரு மாதம் கழித்து மீண்டும் வந்து காட்ட வேண்டிய வேலைகளைச் சிங்கப்பூரிலேயே செய்வது நல்லது, ஏனெனில் நகராத காரை எல்லை தாண்டி இழுப்பதற்கே தனிச் செலவு. பாகங்களை ஐரோப்பாவிலிருந்து இணையம்வழி வரவழைத்தேன். 2024 முதல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு என்பதையும், கப்பல் கூலியையும் சேர்த்துப் பார்த்தும், பல பாகங்கள் இங்கே கேட்ட விலையைவிடக் குறைந்தே வந்தன. காரின் சட்டக எண்ணைக் கொண்டு பாக எண்ணைக் கண்டுபிடித்த பிறகே வாங்குங்கள். ஒரே ஆண்டுக் காரிலும் இரு வகைப் பாகம் இருக்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் மேம்பாடு என்ற பேச்சையே எடுத்தேன். முன்சக்கரக் கண்ட்ரோல் ஆர்ம்களின் புஷ்கள் உள்ளே திரவம் நிரம்பியவை. என் காரில் அவை பிளந்து, பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்கியது. அவற்றோடு நான்கு ஷாக் அப்சார்பர்களையும் பில்ஸ்டைன் பி6 வகைக்கு மாற்றி, மேல் தாங்கிகளையும் சேர்த்து, சக்கரங்களை நேர்படுத்தி முடிக்க 3,900 வெள்ளி. பி6 அசல் சுருள்வில்லோடு அசல் உயரத்திலேயே நிற்கும். தாழ்த்திய வில்களுக்கு உரியது பி8. காரைத் தாழ்த்தினால் அழகுதான், ஆனால் நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பல மாடிக் கார் நிறுத்துமிடச் சரிவுகளிலும் பேட்டை வேகத்தடைகளிலும் தினமும் முன்பக்கம் உரசும். அடுத்து டயர். பஞ்சரானாலும் ஓடும் ரன்ஃபிளாட் டயரோடு இந்தக் கார் வந்தது. அதன் பக்கச்சுவர் கல் போன்றது. சாதாரணத் தரமான டயர் நான்குக்கு 1,050 வெள்ளி; பயணமே மாறிவிட்டது. காரில் மாற்றுச் சக்கரம் கிடையாது என்பதால் பஞ்சர் அடைக்கும் கருவியும் சிறு காற்றுப் பம்ப்பும் டிக்கியில் நிரந்தரமாக இருக்க வேண்டும். டயர் வாங்கும்போது பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். பிரேக்குக்கு அசல் அளவு வட்டு, நல்ல பேட், எஃகு வலை சுற்றிய குழாய், புதிய திரவம் என 1,600 வெள்ளி செலவிட்டேன். மேலான காரின் பெரிய வட்டுகளை மாட்டும் யோசனையைக் கைவிட்டேன், விரைவுச்சாலை வேகவரம்பே மணிக்கு 90 கிலோமீட்டர்தானே.

இயந்திரத்தின் கணினியை மாற்றியமைத்துத் திறனைக் கூட்டலாமே என்று பலர் சொன்னார்கள். டர்போ உள்ள காரில் காற்றழுத்தத்தைக் கூட்டித் திறனை ஏற்றலாம். டர்போ இல்லாத இந்த இயந்திரத்தில் கூட்டுவதற்கு அழுத்தமே இல்லை. கொடுக்கும் காசுக்குச் சில குதிரைத்திறன்தான் கிடைக்கும். இதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை: பதினைந்து வயதுக் காருக்கு மிகச் சிறந்த மேம்பாடு, அது புதிதாக வெளிவந்த நாளில் இருந்த நிலைக்கு அதைத் திருப்புவது. புதிய புஷ்ஷும் ஷாக் அப்சார்பரும் போட்டுத் தானா மேரா கடற்கரைச் சாலையில் ஓட்டியபோது, அந்தக் காரை ஏன் இத்தனை பேர் விரும்பினார்கள் என்பது முதல்முறையாக எனக்குப் புரிந்தது. அதுவரை நான் ஓட்டியது வேறொரு கார்.

உடற்பகுதியில் கூரைக்கும் பானட்டுக்கும் பூச்சு உரிந்திருந்ததால் 1,400 வெள்ளி. உள்கூரைத் துணி தொங்கியதையும் சன்ரூஃப் நீர்வடிகால்களையும் சரிசெய்ய 550. சன்ரூஃபின் நான்கு மூலையிலும் உள்ள மெல்லிய குழாய்கள் தூசியால் அடைத்துக்கொண்டால், வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் கூரைக்குள்ளும் கால்மிதிக்கு அடியிலும் இறங்கி, அங்கிருக்கும் மின்பெட்டிகளைக் கெடுக்கும். டிசம்பருக்கு முன் ஒரு குவளைத் தண்ணீரை மெல்ல ஊற்றி, சக்கரங்களுக்குப் பின்னால் வடிகிறதா என்று பாருங்கள். இந்த வயது இ90 கார்கள் சில, டகாட்டா காற்றுப்பை மீட்டழைப்பில் அடங்கும். சட்டக எண்ணைக் கொடுத்து முகவரிடம் கேளுங்கள், அந்த வேலைக்குக் கட்டணம் கிடையாது.

மொத்தம் ஏறத்தாழ 16,000 வெள்ளி. அதில் வேண்டாத செலவு என்று நான் சொல்லக்கூடியவை அந்த 380 வெள்ளிக் கியர் எண்ணெயும், இழுவைக் கூலியும். மற்றவை எப்படியும் வந்திருக்க வேண்டியவை, வரிசைதான் முக்கியம். நடுவழியில் நிறுத்தக்கூடியவை முதலில், இயந்திரத்தை அழிக்கக்கூடியவை அடுத்து, கையாளுமை அதற்கடுத்து, அழகு கடைசியில். வாங்கும் அன்றே இதற்காகத் தனியாக விலையில் கால்பங்கு பணம் வைத்திருந்தால் மனவேதனை பாதியாகக் குறைந்திருக்கும். இந்த ஒன்றரை ஆண்டில் வீட்டில் தள்ளிப்போன செலவுகளை மனைவி ஒருபோதும் சொல்லிக் காட்டவில்லை. ஆனால் அவை என்னென்ன என்று எனக்குத் தெரியும். ஆகவே கணக்கை வீட்டில் முதலிலேயே விரித்து வைத்துப் பேசிவிடுங்கள் என்று எல்லோருக்கும் சொல்கிறேன்.

2028 ஆகஸ்ட்டில் சிஓஇ முடிகிறது. பத்தாண்டுப் புதுப்பிப்பு என்பதால் மீண்டும் புதுப்பிக்க உரிமை உண்டு. முடிவு அன்றைய சராசரிக் கட்டணத்தைப் பொறுத்தது. புதுப்பிக்கவில்லையென்றால் பதிவை நீக்கி, ஒரு மாதத்துக்குள் அங்கீகரிக்கப்பட்ட உடைப்புக் கூடத்திலோ ஏற்றுமதியாளரிடமோ காரை ஒப்படைத்ததற்கான சான்றைத் தர வேண்டும். அப்போது பில்ஸ்டைன் ஷாக் அப்சார்பர்களுக்கும் நல்ல நிலையில் உள்ள பாகங்களுக்கும் உடைப்புக் கூடம் எதுவும் கூட்டித் தராது. அவற்றைப் பதிவு நீக்கத்துக்கு முன்பே கழற்றி இன்னொரு இ90 உரிமையாளருக்கு விற்கலாம். ஆனால் கூடத்துக்குக் கொண்டுசெல்லும் வரை கார் ஓட வேண்டுமே. அதற்காகவே கழற்றிய அசல் ஷாக் அப்சார்பர்களில் இன்னும் தாங்கக்கூடியவற்றை எண்ணெய் துடைத்து, காகிதத்தில் சுற்றி, எது எந்தச் சக்கரத்துக்குரியது என்று எழுதி, வீட்டுச் சேமிப்பறையில் அடுக்கி வைத்திருக்கிறேன். புதிதாகப் போட்ட ஒவ்வொரு பாகத்தின் ரசீதும் பாக எண்ணும் அதே பெட்டியில் இருக்கின்றன. காரைத் தொடர்ந்து வைத்திருந்தாலும், பாகமாக விற்றாலும், அடுத்தவர் முதலில் கேட்கப் போவது அந்தத் தாள்களைத்தான்.